கருமையின் கணக்கு

நுழையும்முன்

சூரிய மின்சாரம் என்றதும் கூரைமீது பதித்த நீலப் பலகைகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆடிகளால் ஒளியைக் குவித்து, உயர்ந்த கோபுரத்தின் உச்சியில் வெப்பமாக்கி, அவ்வெப்பத்தைச் சேமித்து வைத்து, இரவிலும் மின்சாரம் ஆக்கும் முறையும் உலகில் இருக்கிறது. அக்கோபுரத்தின் உச்சியிலுள்ள 'ஏற்பி' என்னும் உறுப்பைப் பற்றியது இக்கட்டுரை.

*

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், செவில் நகருக்குக் கிழக்கே, ஃபுவெந்தெஸ் தெ அந்தலூசியா என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரை அடுத்த சமவெளியில் 140 மீட்டர் உயரமுள்ள கோபுரம் ஒன்று தனித்து நிற்கிறது. அதைச் சுற்றி வட்டவட்டமாக 2650 ஆடிகள். ஒவ்வோர் ஆடியும் ஏறத்தாழ அரை கிரவுண்டு மனையின் பரப்புடையது. கதிரவன் நகர நகர அவையும் மெல்லத் திரும்பி, தம்மேல் விழும் ஒளியை எல்லாம் கோபுரத்தின் உச்சியில் ஓரிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. ஜெமாசோலார் எனப்படும் இம்மின்நிலையம் 2011ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது.

நண்பகலில் அந்த உச்சி வெண்சுடராய் ஒளிர்கிறது. தொலைவிலிருந்து காண்பவர், அங்கே மாபெரும் விளக்கொன்று எரிவதாகவே எண்ணுவர். உண்மையில் அவ்விடம் கறுப்பு. இத்தகைய கோபுரங்களில் ஒளி வந்து விழும் குழாய்களின்மேல் வெப்பம் தாங்கும் கரிய பூச்சு பூசப்படுகிறது. அப்பூச்சு, விழும் ஒளியில் நூற்றுக்கு 95 பங்கை உட்கொண்டு 5 பங்கைத் திருப்பியனுப்பும். சாதாரண வெயிலில் வைத்துப் பார்த்தால் அது கன்னங்கரேல் என்றுதான் தோன்றும். கோபுர உச்சியிலோ ஒரே நேரத்தில் அறுநூறு வெயில் விழுகிறது. அறுநூற்றில் ஐந்து விழுக்காடு முப்பது. முப்பது வெயிலை ஒருங்கே திருப்பியனுப்பும் பொருள் கறுப்பாகத் தெரிவது எப்படி? கண்ணைக் கூசச்செய்யும் அந்தச் சுடர், மின்சாரமாகாமல் தப்பியோடும் ஒளி. படம் எடுப்பவர் வியக்கும் அக்காட்சியைப் பொறியாளர் இழப்புக் கணக்கில் எழுதுகிறார்.

ஆடிகள் அனுப்பும் ஒளியை வாங்கிக்கொள்ளும் உறுப்பு என்பதால் அதற்கு ஏற்பி என்று பெயர். பல கோபுரங்களில் அது செங்குத்தான மெல்லிய குழாய்களை அருகருகே நிறுத்தி, உருளை வடிவில் வளைத்த ஒரு சுவர்தான். குழாய்களுக்குள் உருகிய உப்பு பாய்கிறது. இது நாம் சமையலில் இடும் உப்பு அன்று. 60 பங்கு சோடியம் நைட்ரேட்டும் 40 பங்கு பொட்டாசியம் நைட்ரேட்டும் கலந்த கலவை. 290 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் உச்சிக்கு ஏறும் உப்பு, சில நிமிடங்களில் 565 டிகிரியாகச் சூடேறிக் கீழிறங்கிப் பெருந்தொட்டியில் தங்குகிறது. வேண்டும்போது அதைக்கொண்டு நீரை ஆவியாக்கிச் சுழலியைச் சுழற்றலாம். ஜெமாசோலாரின் தொட்டியில் சேரும் வெப்பம், கதிரவன் மறைந்தபின் 15 மணிநேரம் மின்சாரம் ஆக்கப் போதுமானது. கோபுரத்தின் பெருமை இந்த இரவு மின்சாரத்தில் இருக்கிறது. பகல் மின்சாரத்தை இதைவிட மலிவாகத் தரும் முறைகள் வந்துவிட்டன.

இத்தகைய கோபுரங்கள் எங்கும் முளைப்பதில்லை. ஆடி குவிக்கக்கூடியது நேராக வரும் கதிரை மட்டுமே. மேகத்திலும் ஈரக்காற்றிலும் தூசியிலும் சிதறிவரும் ஒளி எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் ஆடிக்குப் பயன்படாது. அதனால்தான் ஸ்பெயினின் வறண்ட தெற்கையும், அமெரிக்காவின் மொகாவி பாலையையும், சிலியின் அட்டகாமாவையும், மொராக்கோவின் வர்சாசாத்தையும் இவை நாடிச் சென்றன. இந்தியாவில் 2011இல் இராஜஸ்தானின் பீகானேரை ஒட்டி 2.5 மெகாவாட் அளவில் ஒரு கோபுர நிலையம் அமைந்தது. அதே ஆண்டில், நாட்டின் எந்தப் பகுதியில் நேர்க்கதிர் எவ்வளவு கிடைக்கிறது என்று அறிய அளவீட்டு நிலையங்களை நிறுவும் பணி தொடங்கிற்று. அப்பணியை ஏற்றது சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும், இன்று தேசியக் காற்றாற்றல் நிறுவனம் எனப்படும் அமைப்பு. காற்றை அளக்கப் பிறந்த நிறுவனம் வெயிலையும் அளக்க நேர்ந்தது.

சூடானது சும்மா இருப்பதில்லை

ஏற்பியிலிருந்து வெப்பம் மூன்று வழிகளில் கைநழுவுகிறது. ஒளியில் ஒரு பகுதி உட்புகாமலே எதிரொளித்துப் போகிறது. சூடேறிய குழாயை உரசிச் செல்லும் காற்று ஒரு பகுதியை அள்ளிச் செல்கிறது. இவ்விரண்டையும் எளிதில் புரிந்துகொள்ளலாம். மூன்றாவதுதான் முரண்டு பிடிப்பது. சூடான பொருள் எதுவாயினும், சூடாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால், கதிர்வீச்சாகத் தன் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும்.

கொல்லர் பட்டறையில் உலையிலிருந்து எடுத்த இரும்பு முதலில் மங்கிய செம்மையாகவும், இன்னும் காய்ச்சினால் செஞ்சிவப்பாகவும், அதற்கும் மேல் மஞ்சளாகவும் ஒளிரும். கொல்லருக்கு அந்நிறமே வெப்பமானி. அருகில் நிற்பவரின் முகத்தில் சுரீரென்று அடிக்கும் அனல், இரும்பிலிருந்து வெளியேறும் கதிர்வீச்சு. 565 டிகிரியில் இரும்பு இருட்டில் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சிவந்திருக்கும். அப்போதும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர் மிகுதியாக வெளியேறிக்கொண்டுதான் இருக்கிறது.

எவ்வளவு வெளியேறும் என்பதற்கான விதியை ஆஸ்திரிய இயற்பியலாளர் யோசெஃப் ஸ்டெஃபான் 1879இல் ஆய்வு முடிவுகளிலிருந்து கண்டறிந்தார். லுத்விக் போல்ட்ஸ்மேன் 1884இல் அதனைக் கோட்பாட்டால் நிறுவினார். கதிர்வீச்சு, கெல்வின் அளவில் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது அவ்விதி. பள்ளியில் ஒரு மதிப்பெண் வினாவாக வந்துபோகும் இவ்வரி, கோபுரம் கட்டுவோரின் உறக்கத்தைக் கெடுக்கும் வரி. முழுமையான கரும்பொருள் ஒன்று 565 டிகிரியில் சதுர மீட்டருக்கு 28 கிலோவாட் வீதம் வெப்பத்தை வெளியிடும். 720 டிகிரியில் அது 55 கிலோவாட், ஏறத்தாழ இருமடங்கு. 1000 டிகிரியிலோ 149 கிலோவாட். வெப்பநிலையை இருமடங்குகூட ஆக்கவில்லை. இழப்பு ஐந்து மடங்குக்கு மேல் பெருகிவிட்டது.

அப்படியாயின் ஏற்பியைச் சற்றுக் குளிர்ச்சியாகவே இயக்கினால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். செவில் நகருக்கு மேற்கே சான்லூகர் லா மாயோரில் 2007இல் இயங்கத் தொடங்கிய பி.எஸ். 10 என்னும் கோபுரம், உப்புக்குப் பதிலாக நீரைக் கொதிக்கவைத்தது. நீராவியின் வெப்பநிலை 250 டிகிரி மட்டுமே. அதன் ஏற்பி, வந்த ஒளியில் நூற்றுக்கு 90க்கும் மேல் வெப்பமாகப் பிடித்தது. ஏற்பியை மட்டும் பார்த்தால் அருமையான விளைவு. ஆனால் அந்த மிதமான ஆவியைக்கொண்டு சுழலி ஆக்கிய மின்சாரம், வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. வெப்ப இயந்திரம் எதுவாயினும், கார்னோ வகுத்த எல்லையைத் தாண்டி அதனால் இயங்க முடியாது. சுற்றுப்புறம் 30 டிகிரி என்று கொண்டால், 250 டிகிரியில் அவ்வெல்லை 42 விழுக்காடு; 565 டிகிரியில் 64; 720 டிகிரியில் 69. நடைமுறையில் கிடைப்பது இவற்றைவிடக் குறைவே. ஆயினும் ஏறுமுகம் அதேதான்.

ஆக, சுழலி இன்னும் சூடாகத் தா என்கிறது. ஏற்பி, சூடேறினால் கொட்டிவிடுவேன் என்கிறது. ஏற்பியின் பயனுறுதிறனை உயர்த்துவது என்று பொறியாளர்கள் சொல்வது இந்த இழுபறியைத்தான். வெப்பநிலையைக் குறைத்துப் பயனுறுதிறனை உயர்த்துவது எவராலும் இயலும். வெப்பநிலையை உயர்த்திக்கொண்டே இழப்பை அடக்குவதுதான் வேலை.

அளவிட முடியாததை அளந்த விதம்

இழப்பைக் குறைக்க வேண்டுமானால், முதலில் அது எவ்வளவு என்று தெரிய வேண்டும். இங்கே ஒரு சிக்கல். ஏற்பியிலிருந்து வெளிவரும் வெப்பத்தை அளப்பது எளிது. உப்பு பாயும் அளவும் வெப்பநிலை உயர்வும் தெரிந்தால் போதும். உள்ளே வரும் ஒளியை அளப்பது எப்படி? ஆயிரக்கணக்கான ஆடிகளிலிருந்து வந்து ஒன்றன்மேல் ஒன்றாக விழும் ஒளி அது. அந்தச் சூட்டில் அளவியை நீட்டினால் அளவியே உருகிவிடும்.

கலிபோர்னியாவில் பார்ஸ்டோ என்னும் ஊருக்கு அருகே மொகாவி பாலையில் 1982இல் 'சோலார் ஒன்' என்ற 10 மெகாவாட் சோதனைக் கோபுரம் இயங்கத் தொடங்கியது. அது நீராவியில் இயங்கியது; மேகம் மறைத்தால் சுழலி தடுமாறியது. பின்னர் அதனையே உப்புக்கு ஏற்றவாறு மாற்றி 'சோலார் டூ' என்று பெயரிட்டு 1996 முதல் 1999 வரை இயக்கினார்கள். ஏற்பி 6 மீட்டர் உயரமும் 5 மீட்டர் விட்டமும் கொண்டது. ஓர் ஓட்டுவீட்டின் உயரம்தான் இருக்கும். அதற்கு ஒளி அனுப்பிய ஆடிகள் 1900க்கும் மேல்.

அங்கிருந்தவர்கள் கையாண்ட வழி மிக எளியது. எளியது என்பதாலேயே வியப்புக்குரியது. ஆடிகள் அனைத்தையும் களம் முழுவதும் சமமாகப் பரவிய இரு குழுக்களாகப் பிரித்துக்கொண்டனர். நண்பகலை ஒட்டி, முதலில் எல்லா ஆடிகளையும் ஏற்பியின்மேல் திருப்பினர். பிறகு ஒரு குழுவை மட்டும் விட்டுவைத்தனர். இரு நிலையிலும் உப்பு நுழையும் வெப்பநிலையும் வெளியேறும் வெப்பநிலையும் மாறாதபடி, உப்பின் ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்தனர். ஒளி பாதியானாலும் ஏற்பியின் சூடு மாறவில்லை. சூடு மாறாததால் இழப்பும் மாறவில்லை. பிறகு வேண்டியது கழித்தல் கணக்கு மட்டுமே. உள்ளே எவ்வளவு ஒளி வந்தது என்று தெரியாமலே, எவ்வளவு இழக்கப்பட்டது என்று கண்டுவிட்டனர்.

தெரிந்து தெளிவோம்

எடுத்துக்காட்டாக, எல்லா ஆடிகளும் திரும்பியபோது உப்பு பெற்ற வெப்பம் 42 அலகு எனக் கொள்வோம். பாதி ஆடிகளில் அது 19½ அலகு. இழப்பு இல்லையென்றால் 21 இருந்திருக்க வேண்டும். பாதி ஒளியிலும் இழப்பு முழுமையாக இருப்பதால்தான் இக்குறைவு. முழு அளவிலிருந்து பாதி அளவின் இருமடங்கைக் கழித்தால் (42 − 39) இழப்பு 3 அலகு எனக் கிடைக்கும். பூச்சு எதிரொளிக்கும் பங்கைத் தனியே அளந்து சேர்த்தால் பயனுறுதிறன் தெரிந்துவிடும்.

இம்முறையால், காற்று ஓய்ந்திருந்த நாட்களில் சோலார் டூவின் ஏற்பி நூற்றுக்கு 88 பங்கு ஒளியை உப்பில் சேர்த்தது என்று தெரியவந்தது. எஞ்சிய பன்னிரண்டை மீட்கவே இன்றுவரை உலகின் பல ஆய்வுக்கூடங்கள் முயல்கின்றன. பன்னிரண்டையும் மீட்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். ஒன்றிரண்டு கிடைத்தாலே பெரிது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கிரெசன்ட் டியூன்ஸ் என்னும் 110 மெகாவாட் நிலையத்தில் 10,347 ஆடிகள் இருக்கின்றன. அங்கே ஏற்பிக்கு வரும் ஒளியில் ஒரு விழுக்காடு என்பது 103 ஆடிகள் அனுப்பும் ஒளி. ஏறத்தாழ மூன்று ஏக்கர் கண்ணாடி. மூன்று ஏக்கர் ஆடியையும், அவற்றைத் திருப்பும் பொறிகளையும், துடைக்கும் ஆட்களையும் ஒரு நல்ல பூச்சு மிச்சப்படுத்திவிடும்.

கறுப்பா, அனலா?

பூச்சைப் பற்றி நினைக்கும்போது எவருக்கும் முதலில் தோன்றும் எண்ணம் ஒன்று உண்டு: ஒளியை விழுங்க வேண்டும், வெப்பத்தை உமிழக் கூடாது, அத்தகைய பூச்சைச் செய்தால் என்ன? கதிரவன் ஒளியின் அலைநீளம் வேறு. சூடான குழாய் உமிழும் அகச்சிவப்பின் அலைநீளம் வேறு. முன்னதற்குக் கறுப்பாகவும் பின்னதற்குப் பளபளப்பாகவும் இருக்கும் பூச்சுகள் உண்மையிலேயே உள்ளன. நீண்ட தொட்டி வடிவ ஆடிகளின் நடுவே, வெற்றிடக் கண்ணாடிக் குழலுக்குள் பாதுகாப்பாக இருக்கும் குழாய்களில் அவை நன்கு பயன்படுகின்றன.

கோபுர உச்சியிலோ கண்ணாடிப் போர்வை இல்லை. காற்றும் மழையும் நாள்தோறும் சூடேறிக் குளிரும் அலைச்சலும் அம்மெல்லிய அடுக்குகளைச் சிதைத்துவிடுகின்றன. தவிரவும், கணக்கிட்டுப் பார்த்தால் வேறொன்று புலனாகும். சதுர மீட்டருக்கு 600 கிலோவாட் ஒளி விழும் இடத்தில், உட்கொள்ளும் திறனை ஒரே ஒரு விழுக்காடு கூட்டினால் 6 கிலோவாட் கிடைக்கும். உமிழும் திறனைப் பத்து விழுக்காடு குறைத்தாலும், 565 டிகிரியில் கிடைப்பது 2.8 கிலோவாட்தான். ஆகவே இன்றைய உப்புக் கோபுரத்தில் அனலைத் தடுப்பதைவிடக் கருமையைக் காப்பதே இலாபம். வெப்பநிலை 1000 டிகிரியை எட்டினால் நிலைமை தலைகீழாகும். அப்போது அதே பத்து விழுக்காடு 15 கிலோவாட்டை மிச்சப்படுத்தும். எது நல்ல பூச்சு என்னும் வினாவுக்கு, எத்தனை டிகிரியில் என்று திருப்பிக் கேட்பதே சரியான விடை.

கருமையைக் காப்பதும் சிறிய வேலை அன்று. வெயிலிலேயே வாழ்வதால் பூச்சு சாம்பல் நிறமாக வெளுக்கிறது. விரிசல் விட்டு உதிர்கிறது. சோலார் ஒன் ஏற்பி சில ஆண்டுகளிலேயே மங்கிப்போனது. அதற்கு மறுபடியும் பூச்சுப் பூசி, சூளையில் சுடுவதற்குப் பதிலாக, ஆடிகளைத் திருப்பி வெயிலாலேயே சுட்டுப் பதப்படுத்தினர். பானையை வனைந்தவரே வெயிலில் காயவைப்பதுபோல, கோபுரம் தன் தோலைத் தானே சுட்டுக்கொண்டது. புதுமையான பூச்சு ஒன்று முதல் நாளில் எவ்வளவு கறுப்பு என்பதைக் கட்டுரைகள் பெருமையாகக் கூறும். கோபுரத்தை இயக்குபவரின் கேள்வி வேறு: ஐந்தாம் ஆண்டில் எவ்வளவு கறுப்பு? மீண்டும் பூச எத்தனை நாள் நிலையத்தை நிறுத்த வேண்டும்?

பூச்சை விட்டு வடிவத்தை மாற்றியவர்களும் உண்டு. சமதளத்தில் பட்டு எதிரொளித்த ஒளி வானத்துக்குத்தான் போகும். மடிப்புகளும் இடுக்குகளும் உள்ள பரப்பில் அது இன்னொரு மடிப்பின்மேல் விழும். முதலில் தப்பியது இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ பிடிபடும். பி.எஸ். 10 ஏற்பியைக் கோபுரத்தின் குழிவுக்குள் வைத்ததும் இதே எண்ணத்தால்தான். குழிவின் வாய் ஒரு பக்கம் நோக்கியே இருக்க வேண்டும் என்பதால், கோபுரத்தைச் சுற்றிலும் ஆடிகள் நிறைந்த பெருங்களத்துக்கு அது பொருந்தவில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அல்புகர்க்கி நகரிலுள்ள சாண்டியா தேசிய ஆய்வகத்தினர், குழாய்த் தட்டுகளைக் கதவின் சாய்வுச் சட்டங்களைப்போல அடுக்கிப் பார்த்தனர். தட்டையான ஏற்பியைவிட 20 விழுக்காடு வரை கூடுதலாக ஒளியைப் பிடிக்கலாம் என்று 2017இல் அறிவித்தனர். அவ்வடுக்கில் மிகச் சூடான பகுதி உள்ளே ஒளிந்திருக்கும். குளிர்ந்த உப்பு பாயும் பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வானம் பார்ப்பது குளிர்ந்த பகுதியை மட்டுமே.

ஏற்பியைச் சிறிதாக்குவதும் ஒரு வழி. பரப்பு குறைந்தால் இழப்பும் குறையும். ஆனால் ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்து குறிபார்க்கும் ஆடிக்குச் சிறிய இலக்கு பிடிபடாது. ஒளி விளிம்பைத் தாண்டிச் சிந்தும். பெரிய வலைக்குப் பாரம் அதிகம், சிறிய வலைக்கு மீன் தப்பும் என்பதுபோன்ற நிலை இது. சிறிய பரப்பில் பேரளவு ஒளி விழுந்தால், குழாயின் முன்புறம் கொதித்துப் பின்புறம் குளிர்ந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் விரியும் உலோகம் நாளடைவில் களைத்து வெடிக்கும். உப்பு வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால் ஓரளவுக்கு மேல் ஒளியைக் குவிக்க முடிவதில்லை.

உப்பைவிட நூறு மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும் நீர்மம் ஒன்று உண்டு: உருகிய சோடியம். 1980களில் ஸ்பெயினின் அல்மேரியா அருகிலுள்ள ஆய்வு நிலையத்தில் சோடியத்தை ஏற்பியில் ஓடவிட்டுச் சோதித்தனர். ஏற்பி நன்றாகவே இயங்கியது. 1986இல் அங்கே சோடியம் கசிந்து தீப்பற்றியது. வகுப்பறையில் ஒரு சிறு துண்டை நீரிலிட்டுக் காட்டும்போதே பொறி பறக்கும் உலோகம். குழாய் குழாயாகச் சூடாக ஓடினால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நல்ல பயனுறுதிறனும் நல்ல உறக்கமும் ஒருங்கே வாய்க்கவில்லை.

உப்புக்கும் தொல்லைகள் உண்டு. 220 டிகிரிக்கு மேலேயே அது உறையத் தொடங்கிவிடும். ஒவ்வொரு மாலையும் ஏற்பியிலிருந்து உப்பு முழுவதையும் வடித்துவிட வேண்டும். ஒவ்வொரு காலையும், வெறுங்குழாய்களைச் சில ஆடிகளின் ஒளியால் இதமாகச் சூடாக்கிய பிறகே உப்பை ஏற்ற வேண்டும். ஒரு குழாயில் உறைந்து அடைத்தால் அன்றைய வெயில் வீண். மறுபுறம், 600 டிகிரியை நெருங்கினால் உப்பு சிதையத் தொடங்கும். கீழே உறையும், மேலே சிதையும். இடைப்பட்ட வெளியில்தான் கோபுரத்தின் வாழ்வு.

மணல் மழை

இந்த முயற்சிகளுக்கு எல்லாம் நேரம் குறைவாகவே இருக்கிறது. கிரெசன்ட் டியூன்ஸ் நிலையம் 2015இல் தொடங்கியபோது, ஒரு மெகாவாட் மணி மின்சாரத்தை 135 டாலருக்கு விற்க ஒப்பந்தம் செய்திருந்தது. சில ஆண்டுகளிலேயே அதே மாநிலத்தில் சூரியப் பலகைகள் 30 டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்தன. 2016இல் சூடான உப்புத் தொட்டியில் ஏற்பட்ட கசிவு நிலையத்தை எட்டு மாதம் முடக்கியது. 2019இல் ஒப்பந்தம் முறிந்தது. உச்சியிலிருந்த ஏற்பி எவ்வளவு திறமையாக இருந்தும், அடியில் கசிந்த தொட்டியிலிருந்து நிலையத்தைக் காக்க முடியவில்லை. பகலில் பலகைகளோடு போட்டியிட்டுக் கோபுரம் வெல்லாது. பலகைகள் உறங்கும் நேரத்துக்கு, மலிவாகவும் நெடுநேரத்துக்கும் வெப்பத்தைச் சேர்த்துத் தந்தால்தான் அதற்கு இடமுண்டு. 700 டிகிரிக்கு மேல் வெப்பம் கிடைத்தால், நீராவிக்குப் பதிலாக மிகையழுத்தக் கார்பன் டைஆக்சைடால் சுழலியை இயக்கி, வெப்பத்தில் பாதியை மின்சாரமாக்கலாம் என்பது கணக்கு. உப்பால் அங்கே போக முடியாது.

அங்கே போகக்கூடிய பொருள், நம் ஊர்த் தெருமுனையில் கடலை வறுப்பவர் நெடுங்காலமாகக் கையாண்டுவருவது. வாணலியில் மணலைக் காய்ச்சிக் கடலையையோ அரிசியையோ அதிலிட்டுப் புரட்டுகிறார். மணல் உறைவதில்லை, கொதிப்பதில்லை, சிதைவதில்லை, ஏற்ற வெப்பத்தை நெடுநேரம் வைத்திருக்கிறது. சாண்டியா ஆய்வகத்தினர் குழாயையே நீக்கிவிட்டு, மணலைப்போன்ற சிறு பீங்கான் மணிகளைக் கோபுர உச்சியிலிருந்து திரைபோலக் கொட்டி, அத்திரையின் மேலேயே ஒளியைக் குவித்தனர். இடையில் உலோகச் சுவர் இல்லை. ஆகவே களைத்து வெடிக்க எதுவுமில்லை. உதிர்ந்துபோகப் பூச்சும் இல்லை. மணிகள் விழும் சில நொடிகளில் 700 டிகிரியைத் தாண்டின. அம்மணிகள் கரியவை, பாறையைப் பிளந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பதற்காகச் செய்யப்பட்டவை. புதைபடிவ எரிபொருளுக்காகப் பிறந்த பொருள் கதிரவனுக்குப் பணிசெய்ய வந்திருக்கிறது.

இங்கும் இழப்பு புது வேடத்தில் வந்தது. விழும் மணிகள் வேகமெடுக்க எடுக்கத் திரை மெலிந்தது. ஒளி மணிகளின் இடைவெளி வழியே ஊடுருவிப் பின்சுவரில் பட்டது. குழிவின் திறந்த வாய் வழியே காற்று நுழைந்து, வெப்பத்தையும் சில மணிகளையும் வெளியே இழுத்துச் சென்றது. திரை மெலியாதிருக்க, இடையிடையே தொட்டிகளைப் பொருத்தி மணிகளைத் தாங்கித் தாங்கி விடச் செய்தனர். காற்றைத் தடுக்க, வாய்க்கு முன்னால் மூக்குபோல ஒரு மறைப்பை நீட்டிப் பார்த்தனர். ஜெர்மனியின் யூலிஷ் நகரில் 2009 முதல் இயங்கும் சோதனைக் கோபுரம் இன்னொரு வழியைத் தேர்ந்தது: நுண்துளைப் பீங்கானைச் சூடாக்கி, அதன் துளைகள் வழியே காற்றை உள்ளிழுத்து 700 டிகிரி வரை சூடேற்றுவது. குளிர்ந்த காற்று முன்புறத்தைத் தணித்துக்கொண்டே உள்ளே போவதால், சூடு உட்புறத்தில் ஒளிந்துகொள்ளும் என்பது எண்ணம். பயன்பட்டுத் திரும்பும் வெதுவெதுப்பான காற்றில் ஒரு பகுதி மட்டுமே மீண்டும் உறிஞ்சப்படுகிறது. மீதி வானத்தோடு கலந்துவிடுகிறது.

2023 பிப்ரவரியில், அல்புகர்க்கியில் மணிகளுக்கென்றே புதிய கோபுரம் ஒன்றுக்கு அடித்தளமிட்டனர். மேலே சூடேறும் மணிகள் சேமிப்புக் கலத்தில் தங்கி, அங்கிருந்து கார்பன் டைஆக்சைடைச் சூடாக்கிவிட்டு, மீண்டும் உச்சிக்கு ஏற வேண்டும் என்பது திட்டம். சூடான மணலை எக்கிகளால் ஏற்ற முடியாது. கிணற்று ஏற்றம்போல வாளிகளைக் கோத்த சங்கிலியால்தான் ஏற்ற வேண்டும். அவ்வாளிகளில் கசியும் வெப்பம் எத்தனை விழுக்காடு, உரசித் தூளாகிக் காற்றில் போகும் மணிகள் ஆண்டுக்கு எத்தனை டன் என்பவற்றையும் இனி ஏற்பியின் கணக்கிலேயே சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.